மாவுக்கட்டைப் பிரித்தாயிற்று: கோத்தகிரியிலிருந்து ஒரு நன்றி மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கும், சபையில் இல்லாவிட்டாலும் இந்த 7 வாரமும் எங்கள் வீட்டுப் படியை ஏறி இறங்கிய அக்கம்பக்கத்தாருக்கும் ஸ்தோத்திரம், வணக்கம்.

போன திங்கட்கிழமை மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். உள்ளே இருந்தது என் கால்தானா என்று சந்தேகம் வருமளவுக்கு மெலிந்து, தோல் உரிந்து கிடந்தது. இப்போது கைத்தடி ஊன்றி நடக்கிறேன். வரும் ஞாயிறு கோயிலுக்கு வந்துவிடுவேன். போனில் எல்லோரும் கேட்பது இதைத்தான் என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நன்றி சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் யார் பெயரையும் போடப்போவதில்லை. 11 வருடம் சபையின் வாரச் செய்தித் தாளைப் போட்டவன் நான். 40 பெயரைப் போட்டு ஒரு பெயர் விட்டுப்போனால், அடுத்த பண்டிகை வரைக்கும் அந்த ஒன்றுதான் பேச்சு. ஒரு வருடம் அறுப்பின் பண்டிகைக்குக் கோயிலை அலங்கரித்தவர்கள் பட்டியலில் ஒரு அக்காவை விட்டுவிட்டேன். அவர் தோட்டத்து டேலியாப் பூக்கள்தான் அன்றைக்குப் பீடத்தில் இருந்தவை. 3 மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆகவே பெயர் வேண்டாம். அவரவர் செய்தது அவரவருக்குத் தெரியும்.

விழுந்த கதையைப் பாதிப் பேர் தப்பாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். கோயில் கூரை ஏறி விழவில்லை. எங்கள் வீட்டிலிருந்து ரோட்டுக்கு 62 கல்படிகள். ஆகஸ்ட் மாதச் சாரல். கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிய மழை, இது வெறும் தூறல்தானே என்ற அலட்சியம். பாசியில் செருப்பு வழுக்கியது, அவ்வளவுதான். கீழ்ப்படியில் கிடந்தேன்.

மணி எட்டரை, கரண்ட் இல்லை. என் மனைவி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கவுடர் டார்ச்சோடு ஓடிவந்தார். அவர் பின்னாலேயே, இல்ல ஜெபம் முடிந்து திரும்பிக்கொண்டிருந்த வாலிபர் சங்கத்துப் பையன்கள் மூன்று பேர். ஸ்ட்ரெச்சருக்கு எங்கே போவது? வாசலில் கிடந்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை உட்காரவைத்து, நழுவாமல் இருக்க இடுப்பைச் சுற்றித் துண்டால் கட்டித் தூக்கினார்கள். அந்த நாற்காலிக்கு ஏற்கெனவே ஒரு காலில் விரிசல். எனக்கும் அதே நிலைதான். ‘அங்கிள், சாயாதீங்க, சாயாதீங்க’ என்று முன்னால் பிடித்தவன் சொல்லிக்கொண்டே வந்தான். பின்னால் பிடித்தவனின் மூச்சு என் பிடரியில் சூடாகப் பட்டது. 40 படி ஏறியதும் இறக்கிவைத்தார்கள். அப்போது மேலே தேயிலைச் செடிகளுக்குள் சரசரவென்று ஏதோ நகர்ந்தது. ‘கரடியா இருக்குமோ’ என்றான் ஒருவன். மிச்சம் 22 படியை அவர்கள் எப்படி ஏறினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மேலே கவுடரின் பிக்கப் நின்றது, அன்றைக்குப் பறித்த பச்சைத் தேயிலை மூட்டைகளோடு. தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிற எனக்குத் தெரியும், மூட்டைக்குள் இலை ரொம்ப நேரம் அடைந்து கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும், அப்புறம் தரம் போயிற்று. ‘இலையை இறக்கிட்டு வாங்க, காத்திருக்கிறேன்’ என்றேன். அவர் பதிலே சொல்லாமல் மூட்டைகளை ரோட்டோரம் தள்ளினார். இரண்டை மட்டும் வண்டியில் விட்டு, ‘இதுமேல காலை நீட்டிக்குங்க’ என்றார். ஆஸ்பத்திரி வரைக்கும் என் கால் கிடந்தது பச்சை இலை மெத்தையில். வளைவுகளில் வலி உயிர் போனது. ஆனாலும் அந்த ஈர இலை வாசனை இப்போது நினைத்தாலும் மூக்கில் நிற்கிறது. கவுடரே, அன்றைக்கு உங்கள் இலைக்கு என்ன விலை போட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லவும் மாட்டீர்கள்.

கணுக்காலில் இரண்டு இடத்தில் எலும்பு விட்டிருந்தது. நைட் டியூட்டியில் இருந்த நர்ஸ் அக்காவுக்கும், முறை வைத்து என்னோடு தங்கிய தம்பிகளுக்கும், பணமாகக் கொடுத்துவிட்டு ‘கணக்கில் எழுதக் கூடாது’ என்று சொன்னவர்களுக்கும், வீட்டுக்கே வந்து திருவிருந்து கொடுத்த ஆயர் ஐயாவுக்கும் நன்றி. ஊட்டி காந்தலில் இருக்கிற கத்தோலிக்கத் திருத்தலமான குருசடிக்குப் போய் எனக்காக மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்ததாகக் கத்தோலிக்க அக்கா ஒருவர் சொன்னார். நம் பெரியவர் ஒருவர் அதைக் கேட்டு முகம் சுளித்தார். எனக்கு அதில் சந்தோஷம்தான்.

இனி தாள் விஷயம். இந்த மடலை நான் எழுதக் காரணமே அதுதான்.

நம் வாரத் தாள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஏ4 தாளை இரண்டாக மடித்தால் நாலு பக்கம். முன்னால் வசனம், ஆராதனை ஒழுங்கு, பாட்டு எண்கள். உள்ளே அந்த வாரக் கூட்டங்கள். பின்னால் பிறந்த நாள், திருமண நாள், நோயுற்றோர், போன வாரக் காணிக்கை. சனிக்கிழமை இரவு உட்கார்ந்தால் முடிய 11 மணி ஆகும். நான் படுத்துவிட்டால் தாள் நின்றுபோகும் என்று நினைத்தேன். வெளியே சொல்லவில்லை. உள்ளுக்குள் அதில் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது.

நான் விழுந்தது வியாழக்கிழமை. ஞாயிறு மதியம் தாள் வீட்டுக்கு வந்தது. பிங்க் நிறத் தாள். ஜெராக்ஸ் கடையில் வெள்ளை தீர்ந்துபோயிருந்ததாம். வர்க்கி பிஸ்கட் பொட்டலத்தோடு சேர்த்துக் கொண்டுவந்ததில் பின்பக்கம் எண்ணெய்க் கறை. ‘நோயுற்றோருக்காக ஜெபிப்போம்’ என்ற இடத்தில்தான் கறை விழுந்திருந்தது. அதில் நாலாவது பெயர் என்னுடையது.

11 வருடமாக நான் எழுதிவந்த பட்டியல் அது. பெயருக்குப் பக்கத்தில் ‘சுகவீனம்’ என்று ஒற்றை வார்த்தை போடுவேன். காலில் வலி இல்லாத ஆள் நான், அதற்குமேல் தோன்றியதில்லை. இவர்கள் எனக்கு இப்படிப் போட்டிருந்தார்கள்: ‘படியில் விழுந்து கால் முறிவு. மாலை 5 மணிக்கு மேல் போய்ப் பார்க்கலாம். சர்க்கரை இருப்பதால் இனிப்பு வேண்டாம்.’ அன்றைக்கு மாலை 5 மணிக்கே ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். கடைசி வரியை மட்டும் யாரும் வாசிக்கவில்லை போலிருக்கிறது, வந்தவர்களில் பாதிப் பேர் கையில் கேக்.

பிளஸ் டூ படிக்கிற நம் பெண் பிள்ளை செல்போனிலேயே டைப் செய்திருக்கிறாள். ஓய்வு பெற்ற டீச்சரம்மா பிழை திருத்தினார். இரண்டாவது வாரம் டீச்சரம்மா ஊரில் இல்லை. மாதர் சங்கத்து வரியும் வெள்ளிக்கிழமை வரியும் ஒட்டிக்கொண்டு, ‘உபவாச ஜெபம் காலை 10 முதல் 1 வரை, டீயும் வர்க்கியும் வழங்கப்படும்’ என்று வந்துவிட்டது. அந்த வெள்ளிக்கிழமை மாதிரிக் கூட்டம் உபவாச ஜெபத்துக்கு இதுவரை வந்ததில்லை என்று கேள்வி.

மூன்றாவது வாரம் எழுத்து பெரிதானது. ஏன் என்று பிள்ளையிடம் கேட்டேன். ‘எஸ்டேட் கிளைச்சபைப் பாட்டிங்க எழுத்து தெரியலைன்னு சொன்னாங்க அங்கிள்’ என்றாள். அந்தக் கிளைச்சபையில் முக்கால்வாசிப் பேர் 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கவென்று 1968-ல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டமான டான்டீயில் கொழுந்து பறித்து ஓய்ந்தவர்கள். எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடான லைன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து என் சின்ன எழுத்தோடு 11 வருடம் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இந்தப் பிள்ளை போய் உட்கார்ந்து பேசினாள், சொல்லிவிட்டார்கள். இன்னொன்றும் தெரியவந்தது. முதல் பஸ் கண்டக்டர் அண்ணன் தன் தோல் பைக்குள் தாள் கட்டை வைத்துக்கொண்டுபோய் எஸ்டேட் வாசலில் கொடுத்துவந்திருக்கிறார். அவர் நம் சபையும் இல்லை. ஒரு தடவைகூட தாள் நனைந்து போனதில்லை என்றார்கள்.

‘தெரிந்துகொள்வோம்’ என்று புதிதாக ஒரு கட்டம் போடுகிறார்கள், பார்த்திருப்பீர்கள். அதில் முதல் வாரமே என் மானத்தை வாங்கிவிட்டார் டீச்சரம்மா. ஊட்டி பரிசுத்த ஸ்தேவான் ஆலயம் ‘1831-ல் கட்டத் தொடங்கியது’ என்று நான் இரண்டு முறை எழுதியிருக்கிறேன். அடிக்கல் நாட்டியது 1829 ஏப்ரல் 23, பிரதிஷ்டை 1830 நவம்பர் 5, பொது ஆராதனைக்குத் திறந்ததுதான் 1831 ஏப்ரல் 3, அன்று ஈஸ்டர் என்று தெளிவாகப் போட்டு, உத்திரங்களுக்கான மரம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து வந்ததையும் சேர்த்திருந்தார். கீழே ‘முந்தைய தாள்களில் வந்த தவறுக்கு வருந்துகிறோம்’. நான்தான் வருந்த வேண்டும், சரி. 1840-களில் பாசல் மிஷன் என்ற சுவிஸ் மிஷனரி சங்கம் ஊட்டிக்குப் பக்கத்துக் கேத்தியில் வேலை தொடங்கியதைப் பற்றி எழுதிய வாரத் தாளைக் கவுடர் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். ‘கேத்தி என் மாமனார் ஊராச்சே’ என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். செப்டம்பர் 27-ஐ ஒட்டி வந்த தாளில், 1947-ல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபைகள் சேர்ந்து நம் தென்னிந்தியத் திருச்சபை (சிஎஸ்ஐ) ஆன கதை. அதைப் படித்துவிட்டு வாலிபர் சங்கத்தில் கேள்விமேல் கேள்வி கேட்டார்களாம். நான் எழுதிய எதையும் படித்து யாரும் கேள்வி கேட்டதாக நினைவில்லை.

அடுத்து வரும் கூட்டங்களையும் இதிலேயே சொல்லிவிடுகிறேன், பழக்கதோஷம். செவ்வாய் மாலை இல்ல ஜெபம் எஸ்டேட் லைன் வீட்டில். கடைசி பஸ்ஸில் திரும்ப வேண்டியவர்கள் முன்னால் உட்காராமல் கதவோரம் உட்காருங்கள். வெள்ளி உபவாச ஜெபம் வழக்கம்போல், வர்க்கி கிடையாது. நவம்பர் 2 கல்லறை ஆராதனைக்கு முந்தின சனிக்கிழமை கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் செய்கிறோம். உண்ணிச்செடி ஆள் உயரம் வளர்ந்து கிடக்கிறது. அரிவாள் கொண்டுவாருங்கள், தனியாக யாரும் உள்ளே போக வேண்டாம், சத்தம் கொடுத்துக்கொண்டே போங்கள்.

அக்டோபர் கடைசி ஞாயிறு அறுப்பின் பண்டிகை. கேரட், உருளை, கோஸ், பட்டர் பீன்ஸ், மலைப்பூண்டு, எது விளைந்ததோ அது. சாக்கிலோ துணிப்பையிலோ கொண்டுவாருங்கள். இந்த மாவட்டத்தில் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருப்பதை நாமே மறந்துவிட்டு சுற்றுலா வருகிறவர்களைக் குறை சொல்கிறோம். அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு, இந்தத் தடவை மேட்டுப்பாளையத்திலிருந்து வாழை இலை எடுப்பதில்லை, வீட்டுக்கொரு தட்டு கொண்டுவந்தால் போதும் என்று சபைக்குழு முடிவு. காணிக்கையாக வந்த காய்கறி ஏலத்தில் போன வருடம் ஒரே ஒரு முட்டைக்கோஸை எடுத்தவர் திருப்பிக் கொடுக்க, அடுத்தவர் எடுத்துத் திருப்பிக் கொடுக்க, கடைசியில் அது 6 பேர் கை மாறியது. இந்த வருடமும் அந்தக் கோஸ் வரும் என்று எதிர்பார்க்கிறேன்.

மழை வலுத்தால் மாலைக் கூட்டம் இல்லை. 2009 நவம்பர் மண்சரிவில் நம் மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டவர்கள் போனதைப் பார்த்த ஆட்கள் நாம். தாளில் போட்டிருக்கிறதே என்று யாரும் இருட்டில் சரிவுப் பாதையில் இறங்க வேண்டாம், ஒரு போன் போட்டுக் கேளுங்கள். டிசம்பர் கேரல் ரவுண்ட்ஸும் இரவு 10 மணிக்குள் முடிகிறது. காட்டெருமைக்கு நம் பாட்டு பிடிக்குமா என்று சோதித்துப் பார்க்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. தாள் இனி அந்தப் பிள்ளைகள் கையில். போன வாரம் சபைக்குழுவில் சொல்லி எழுதிக்கொடுத்துவிட்டேன். ‘கால் சரியாகிவிட்டதே, இனி நீங்களே’ என்று இரண்டு பேர் சொன்னார்கள். கால் சரியாகிவிட்டது என்பதற்காக அந்தப் பாட்டிகளுக்குப் பழைய சின்ன எழுத்தைத் திரும்பக் கொடுக்க எனக்கு மனமில்லை. செய்தி தருகிறவர்கள் வியாழன் மாலை 6 மணிக்குள் அந்தப் பிள்ளையிடம் கொடுங்கள். அவளுக்குப் பரீட்சை இருக்கிறது, சனிக்கிழமை இரவு போன் செய்து ‘ஒரே ஒரு வரி’ என்று கெஞ்சாதீர்கள். என்னிடம் அப்படிக் கெஞ்சியவர்கள் யார் யார் என்று நினைவிருக்கிறது. தாளை மடிக்கிற வேலை மட்டும் எனக்கு. அதை உட்கார்ந்தே செய்யலாம்.

சிவப்பு நாற்காலி இன்னும் கவுடர் வீட்டு வாசலில்தான் இருக்கிறது. ஞாயிறு காலை அதிலேயே தூக்கிவருகிறோம் என்று பையன்கள் போன் செய்தார்கள். வேண்டாம் தம்பிகளா, நடந்தே வருகிறேன். ஆராதனை எட்டரைக்கு, நான் ஏழரைக்கே படியேறத் தொடங்கிவிடுவேன். 40 படி ஏறியதும் கொஞ்சம் நிற்பேன்.

அன்புடன்,
சபைச் செயலர் (வாரத் தாள் பொறுப்பிலிருந்து விடுபட்டவர்)
கோத்தகிரி