பவுல் ஆட்டமும் பல் கிட்டிக்கும் குளிரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து பற்றிய கட்டுரையைப் படித்தேன். தலைக்கவசம் போட்டுக்கொண்டு முட்டிக்கொள்வார்களே, அந்த ஆட்டம். ஆண்டு முடிவில், பருவம் முடிந்ததும் இரண்டு கல்லூரி அணிகளை ஒரு பொது ஊருக்கு அழைத்து அங்கே நடத்தும் ஒற்றை ஆட்டம்தான் 'பவுல்'. அதைக் 'கிண்ணக் கோப்பை' என்று எழுதியிருந்தீர்கள். முப்பது வருஷம் விடைத்தாள் திருத்திய கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. இந்தப் பெயர் பரிசுக் கிண்ணத்தால் வந்ததல்ல. 1914இல் யேல் பல்கலைக்கழகம் கட்டிய மைதானம் கிண்ணம் போலக் குழிந்திருந்ததால் அதை யேல் பவுல் என்றார்கள். அதைப் பார்த்துக் கலிபோர்னியாவின் பாசடீனாவில் 1922இல் ரோஸ் பவுல் மைதானம் எழும்பியது. மைதானத்தின் பெயர் ஆட்டத்துக்கு ஒட்டிக்கொண்டது. அப்புறம் ஆரஞ்சு, சர்க்கரை, பருத்தி என்று ஊர் ஊராக ஒரு பவுல். ஐடஹோவில் உருளைக்கிழங்கு பவுல்கூட உண்டு.

சரி, அது போகட்டும். 'பனியோ மழையோ, திறந்த வெளியில் ஆடுவதே இதன் அழகு' என்று கட்டுரை முடிந்திருந்தது. அந்த அழகை மூன்றே முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்தவள் நான்.

இரண்டு வருஷத்துக்கு முன் டிசம்பரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பேத்தி தன் பல்கலைக்கழகத்தின் அணிவகுப்பு வாத்தியக் குழுவில் ட்ரம்பெட் வாசிக்கிறாள். அவர்கள் அணிக்கு வடகிழக்கில் ஒரு பெருநகரத்து பேஸ்பால் மைதானத்தில் பவுல் ஆட்டம் கிடைத்தது. எந்த ஊர் என்பது வேண்டாம். சைபருக்குக் கீழே நான்கு டிகிரி. மாப்பிள்ளையின் கோட்டு, உள்ளே இரண்டு ஸ்வெட்டர், தலையில் தஞ்சாவூரிலிருந்து கொண்டுபோன குரங்குக் குல்லா. பேஸ்பால் மைதானத்தில் நாற்காலிகள் பந்து எறிபவரைப் பார்த்துத்தான் திரும்பியிருக்கும். கால்பந்துக்குப் போட்ட கோடுகளோ வேறு கோணத்தில் கிடந்தன. நேராக உட்கார்ந்தால் எதிரே ஒரு சுவர். ஆட்டம் வேண்டுமென்றால் கழுத்தை இடது பக்கம் திருப்பியே வைத்திருக்க வேண்டும். மறுநாள் முழுக்க அமிர்தாஞ்சன்தான்.

இடைவேளையில் வாத்தியக் குழு இறங்கியது. ட்ரம்பெட்டில் மூன்று கட்டைகள் இருக்கும். அழுத்திவிட்டு விரலை எடுத்தால் ஸ்பிரிங் மேலே தள்ள வேண்டும். ஊதுகிற மூச்சின் ஈரம் உள்ளே படிந்து, குளிரில் உறைந்து, கட்டையைக் கவ்விக்கொள்கிறது. அதற்குப் பயந்து பேத்தி முதல் பாதி முழுக்கக் கருவியைக் கோட்டுக்குள் அணைத்தபடியே இருந்தாள். அப்படியும் நடுக்கட்டை கீழேயே நின்றுவிட்டது. மிச்சப் பாட்டுக்கு ஊதாமல் விரலை மட்டும் ஆட்டியதாக அப்புறம் சொல்லி அழுதாள். மரக் கிளாரினெட் வைத்திருப்பவர்கள் அதை வீட்டில் பூட்டிவிட்டு பிளாஸ்டிக் கிளாரினெட்டோடு வந்திருந்தார்கள். குளிரில் மரம் வெடித்துவிடுமாம். எங்கள் பக்கத்து நாகஸ்வரக்காரர் மார்கழி விடியலில் சீவாளியை வாயிலேயே வைத்துக்கொண்டு நடப்பார். நான் அதையே பெரிய பாடு என்று நினைத்திருந்தேன்.

இந்த ஆட்டங்கள் பிறந்த கதையே வேறு. பாசடீனாவில் குடியேறியவர்கள், கிழக்கே ஊரெல்லாம் பனியில் புதைந்திருக்கும்போது எங்களிடம் ரோஜா பூத்திருக்கிறது பாருங்கள் என்று காட்டத்தான் 1890இல் புத்தாண்டு மலர் விழாவைத் தொடங்கினார்கள். கால்பந்து 1902இல் அதோடு சேர்ந்தது. வெயில்தான் விளம்பரம். மயாமியின் ஆரஞ்சு பவுலும் நியூ ஆர்லியன்ஸின் சர்க்கரை பவுலும் அதைப் பார்த்துத் தொடங்கியவை. பருவம் முழுக்க அடிபட்ட பையன்களுக்கு வெயில் உள்ள ஊரில் ஒரு வாரம், அதுதான் பரிசு.

குளிரில் நடத்தினால் என்ன ஆகும் என்பதும் அவர்களுக்குப் பழைய பாடம்தான். லிபர்ட்டி பவுல் 1959இல் பிலடெல்பியாவில் தொடங்கியது. டிசம்பர் குளிருக்குக் கூட்டம் வரவில்லை. 1964இல் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு மாநாட்டு மண்டபத்துக்குள் புல் பதித்து ஆடினார்கள். அங்கும் ஆறாயிரம் பேர்தான். மறுவருஷமே மூட்டையைக் கட்டிக்கொண்டு தெற்கே மெம்பிஸுக்குப் போனார்கள். இன்றும் அங்கேதான் நடக்கிறது.

தெற்கே போனால் மட்டும் போதுமா என்பீர்கள். போதாதுதான். 1979 புத்தாண்டன்று டல்லாஸில் பருத்தி பவுல் ஆட்டத்துக்கு முன் பனிப்புயல் அடித்தது. நோட்டர் டேம் பல்கலைக்கழக அணியின் ஜோ மொன்டானா உடல் விறைத்துப்போய், உள்ளே கோழி சூப் குடித்துவிட்டு வந்து, 34-12 என்று பின்தங்கிய அணியை 35-34 என்று ஜெயிக்க வைத்தார். அந்தக் கதையை இன்றும் சொல்கிறார்கள். ஆனால் அதைச் சொல்கிற ஊரே 2010இல் அந்த ஆட்டத்தைப் பக்கத்து ஆர்லிங்டனில் கூரை மூடும் மைதானத்துக்கு மாற்றிவிட்டது. டல்லாஸின் பழைய மைதானத்தில் 2018 டிசம்பர் 26 அன்று வேறொரு பவுல் ஆட்டம் முதல் கால்பகுதியிலேயே மின்னலால் நின்று, கடைசியில் ரத்தே ஆனது.

எல்லா இடத்திலும் கூரை போடச் சொல்லவில்லை. பாசடீனாவில் ஆட்டத்தின் பின்பாதியில் சான் கேப்ரியல் மலை மேல் வெயில் இறங்குவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன். அதை மூடினால் பாவம். குளிரில் ஆடவே கூடாது என்றும் சொல்லவில்லை. 2024இல் சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளே-ஆஃப் போட்டி 12 அணியாக விரிந்தபோது முதல் சுற்றைக் கல்லூரிகளின் சொந்த மைதானத்தில் வைத்தார்கள். டென்னசி அணி ஒஹாயோ குளிருக்குப் போய் 42-17 என்று தோற்றுத் திரும்பியது. அது நியாயம். அது ஒஹாயோ அணி பருவம் முழுக்க ஜெயித்துச் சம்பாதித்த உரிமை, அரங்கம் நிறைய அவர்கள் பிள்ளைகள். பவுல் ஆட்டத்திலோ இரண்டு அணிக்கும் அது வேற்றூர். யாருக்காக அந்தக் குளிர்? பல பவுல்களை நடத்துவதே ஒரு தொலைக்காட்சி நிறுவனம்தான். அதற்கு இருக்கை காலியாக இருந்தால் என்ன, கட்டை உறைந்தால் என்ன.

பேத்திக்கு இது கடைசி வருஷம். பாசடீனா கிடைத்தால் டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறேன். பேஸ்பால் மைதானம் என்றால் குல்லாவை மட்டும் கூரியரில் அனுப்பிவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருத்தி,
தஞ்சாவூர்.