கிணற்றில் நீந்திய தோழிக்கு

அன்புள்ள செல்வி,

போன வாரம் போனில் நீ குரலைத் தாழ்த்திச் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். "அடி இறங்கிடுச்சுடி, குனிஞ்சு நிமிரவே பயமா இருக்கு" என்றாய். கோயிலுக்கு நடப்பதைக்கூட விட்டுவிட்டாயாம். எனக்கு உடனே வாய் வரவில்லை. எனக்கும் அதேதான், உள்ளே இருக்க வேண்டிய உறுப்பு பிறப்புறுப்பு வழியாகக் கீழே சரியும் அந்த அடி இறக்கம், இரண்டு வருஷமாக. உன்னிடம் சொல்லாமல் இருந்துவிட்டேனே என்பதுதான் இப்போது மனசை அறுக்கிறது. முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு பம்புசெட் கிணற்றில் ஒன்றாக நீந்தப் பழகியவர்கள் நாம். நமக்குள் என்ன வெட்கம்?

எனக்குச் சாயங்காலமானால் அடியில் ஏதோ இழுப்பது போல ஒரு கனம். உட்கார்ந்தால் பந்தின் மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஒரு நாள் குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. கட்டியோ என்று பயந்து மூன்று ராத்திரி தூங்கவில்லை. முதலில் பார்த்த டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "வயசானா இப்படித்தான், தொந்தரவா இருந்தா கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்றார். அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் அம்மாதான் படுக்கவைத்து, இருமச் சொல்லிப் பரிசோதித்தார். எனக்கு இறங்கியிருந்தது பெரும்பாலும் சிறுநீர்ப்பை, இரண்டாம் நிலை. எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதைத்தான் நிலை என்கிறார்கள். நாம் எல்லாவற்றையும் அடி இறக்கம் என்று ஒரே பேரில் சொல்லிவிடுகிறோம். கர்ப்பப்பை, சிறுநீர்ப்பை, மலக்குடல், எது வேண்டுமானாலும் இறங்கலாம். அதனால் நீயும் முதலில் எது, எந்த நிலை என்று பார்த்துவிடு.

அந்த அம்மா என்னை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார். கீகல் பயிற்சி கேள்விப்பட்டிருப்பாய். 1948-இல் ஆர்னால்ட் கீகல் என்ற அமெரிக்க டாக்டர் எழுதியது, அவர் பேரே நின்றுவிட்டது. காற்றுப் பிரியாமல் அடக்குவது போலவும் சிறுநீரை நிறுத்துவது போலவும் ஒரே நேரத்தில் அடியை மேலே இழுக்க வேண்டும். அப்புறம் முழுசாகத் தளரவிட வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. நான் யாரோ சொன்னதைக் கேட்டு மாதக்கணக்கில் செய்துகொண்டிருந்தேனே, அத்தனை நாளும் மேலே இழுக்காமல் கீழேதான் முக்கியிருக்கிறேன்! அந்த பிசியோதெரபிஸ்ட் பார்த்துத்தான் சொன்னார். அதனால் வீடியோ பார்த்து நீயாக ஆரம்பிக்காதே. ஒருவர் பார்த்துச் சரி என்று சொல்லட்டும். இங்கிலாந்தில் 2019-இல் வந்த வழிகாட்டுதலில், முதல் இரண்டு நிலைகளில் தொந்தரவு இருப்பவர்களுக்குக் குறைந்தது 16 வாரம், கண்காணிப்போடு இந்தப் பயிற்சியைத்தான் சொல்லியிருக்கிறார்கள். நாலு மாசம் பொறுமை வேண்டும்.

தண்ணீர்க் குடமோ சிலிண்டரோ தூக்கும்போது, இருமும்போது, தும்மும்போது, முதலில் அடியை இழுத்துப் பிடித்துக்கொள். தூக்கும்போது மூச்சை வெளியே விடு. உன் யோகா வகுப்பில் மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி இருந்தால் இப்போதைக்கு வேண்டாம், அது வயிற்றை வேகமாக அழுத்துகிறது. மலச்சிக்கலை மட்டும் விட்டுவைக்காதே. முக்குவதுதான் நமக்கு முதல் எதிரி.

இனி நான் சொல்ல வந்த விஷயம். நான் மறுபடி நீந்துகிறேன்!

எங்கள் பகுதி நீச்சல் குளத்தில் காலையில் பெண்களுக்கென்று ஒரு மணி நேரம் உண்டு. முதல் நாள் படியில் இறங்கி இடுப்பளவு நீரில் நின்றேன். அவ்வளவு ஆழத்திலேயே உடம்பின் பாரம் பாதியாகிவிடுமாம், மார்பளவில் மூன்றில் ஒரு பங்கு. கணக்கை விடு, எனக்குத் தெரிந்தது இதுதான்: இரண்டு வருஷமாக இழுத்துக்கொண்டிருந்த அந்தக் கனம் அங்கே இல்லை. இறங்கியது மேலே ஏறிவிடவில்லை, அந்த ஒரு மணி நேரத்துக்கு இழுக்கவில்லை, அவ்வளவுதான். கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். முகமெல்லாம் தண்ணீர், யாருக்கும் தெரியவில்லை.

முதல் வாரம் தண்ணீருக்குள் நடை மட்டும். அப்புறம் நிதானமாகக் கை வீசி, மூச்சை நீருக்குள் விட்டு நீந்தினேன். மல்லாந்து நீந்துவது இன்னும் சுகம். தவளை மாதிரி காலை அகட்டி உதைத்தால் எனக்குக் கனம் வருகிறது, விட்டுவிட்டேன். உனக்கு வராமல் போகலாம், உன் உடம்பைக் கேட்டுப் பார். குதித்து இறங்குவதில்லை. ஏறும்போது விளிம்பில் கையை ஊன்றி எக்காதே, அதில் நம்மை அறியாமல் முக்கிவிடுவோம். படி வழியாக வா. வெளியே வந்ததும் பாரம் திடீரென்று திரும்பும், பயப்படாதே. நான் வீட்டில் இடுப்புக்குக் கீழே தலையணை வைத்துப் பத்து நிமிஷம் படுத்துவிடுவேன்.

உள்ளே தாங்கிப் பிடிக்க சிலிகான் வளையம் ஒன்று வைப்பார்கள், பெசரி என்று பேர். நான் அதோடுதான் நீந்துகிறேன். அவர்கள் சொன்ன தேதிக்குப் போய்க் காட்டிவர வேண்டும். ரத்தம் பட்டாலோ, நாற்றமடித்து வெள்ளை பட்டாலோ, சிறுநீர் போக முடியாமல் அடைத்தாலோ தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போய்விடு. ஆபரேஷன்தான் வேண்டும் என்றாலும் குற்றமில்லை, ஆனால் விவரம் கேட்டு நீ முடிவு செய்.

டாக்டரிடம் தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் தேதியைச் சொல், நான் பஸ் ஏறி வந்துவிடுகிறேன். பார்த்துவிட்டு, அவர் சரி என்றால் பத்து நாள் இங்கே வந்து தங்கு. குளத்துக்கு முழங்கால் வரை சட்டையும் லெகிங்சும் போட்டுக்கொள்ளலாம், எனக்கு வாங்கும்போது உன் அளவுக்கும் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். கருநீலம்.

உன்,
கிணற்றடித் தோழி