எரர் என்று எழுதும் முன் எடை போடுங்கள்

நாணயக் கண்காட்சி நடத்தும் சங்கப் பொறுப்பாளர்களுக்கும், அங்கே மேசை போடும் வியாபாரி நண்பர்களுக்கும்,

வணக்கம்.

போன கண்காட்சியில் என் பக்கத்தில் நின்ற பையன் ஒருவன், எட்டாம் வகுப்பு இருக்கும், ‘எரர்’ (நாணயச்சாலையிலேயே பிழையாக அடிபட்ட காசு) என்று சீட்டு ஒட்டிய ஒரு ரூபாய்க் காசை 600 ரூபாய்க்கு வாங்கினான். எண்ணிக் கொடுத்ததெல்லாம் பத்தும் இருபதுமாகச் சேர்த்த நோட்டு. அப்புறம் என்னிடம் லென்ஸ் கேட்டான். நானும் பார்த்தேன். ‘1’ என்ற எண்ணின் மேல் சிங்க முகம் குழிவாகப் பதிந்திருந்தது. ஆனால் அந்த ‘1’ போகவில்லை; நசுங்கி அங்கேயே கிடந்தது. இரண்டு காசுகளை முகத்தோடு முகம் சேர்த்துப் பட்டறை வைஸில் இறுக்கினால் இப்படித்தான் வரும். அதை அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்படி உருவம் குழிவாகப் பதியும் பிழை நாணயச்சாலையிலும் நடக்கும்; அதற்குப் புரோக்கேஜ் என்று பெயர். ஆனால் உண்மையான புரோக்கேஜ் வேறு. அடித்த காசு கீழே விழாமல் ஓர் அச்சிலேயே ஒட்டிக்கொள்கிறது. அடுத்து வரும் வெற்று வில்லை அந்த அச்சைத் தொடுவதே இல்லை, ஒட்டிய காசின் முகத்தைத்தான் தொடுகிறது. அதனால் ஒரு பக்கம் சிங்கம் புடைத்து நிற்கும். மறுபக்கம் அதே சிங்கம், கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிக் குழிந்திருக்கும். ‘1’ எங்குமே இருக்காது. புடைப்பும் குழிவும் ஒரே முகத்தில் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தால் உடனே சந்தேகப்பட வேண்டாமா?

பத்து ரூபாய்க் காசில் நடப்பது இன்னும் மோசம். வளையத்தைச் சூடாக்கி, நடுவில்லையைத் தட்டி எடுத்து, புரட்டிப் போட்டு விற்கிறார்கள். நாணயச்சாலையில் வளையமும் நடுவில்லையும் ஒன்றாக வைக்கப்பட்டு, அச்சு அடிக்கும் அடியில்தான் இறுகிச் சேர்கின்றன. உருவமும் அதே அடியில்தான் விழுகிறது. அப்படியிருக்க, நடு மட்டும் புரண்ட காசு நாணயச்சாலையில் எப்படிப் பிறக்கும்? சேரும் இடத்தை லென்ஸில் பாருங்கள், கீறலும் இடுக்கும் தெரியும்.

ஓரம் கடித்தாற்போல் இருக்கும் காசுக்கு எதிர் விளிம்பைப் பாருங்கள். தகட்டில் முன்பே வெட்டிய ஓட்டையின் மேல், வில்லை வெட்டும் பஞ்ச் மறுபடி விழுந்து வந்த வில்லை என்றால், கடிபட்ட இடத்துக்கு நேர் எதிரே விளிம்பு மங்கியிருக்கும். அரம் போட்டு ராவிய காசில் அந்த எதிர் விளிம்பு பளிச்சென்று நிற்கும்.

‘மெல்லிய தகடு எரர்’ என்று விற்கும் பதினொரு முனை இரண்டு ரூபாய்க்குத் தராசு வேண்டும். அதன் சரியான எடை 6 கிராம். ஆசிடில் போட்டாலும் எடை குறையும், ஆனால் எழுத்தெல்லாம் ஒரே அளவாக அரித்து, மேற்பரப்பு சொரசொரவென்று இருக்கும். தண்டவாளத்தில் வைத்து நசுக்கிய காசைப் பற்றி நான் சொல்லவே வேண்டியதில்லை, அதையும் எரர் பெட்டியில் பார்த்தேன்.

எல்லோரும் தெரிந்தே ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. மொத்தமாக வாங்கிய பையில் வந்ததை அப்படியே சீட்டு ஒட்டி வைப்பவர்கள்தான் அதிகம். ஆனால் வேண்டுமென்றே காசைச் சிதைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்: 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி காசை அழிப்பதே குற்றம்.

சங்கங்களிடம் கேட்பது இதுதான். எரர் என்று விற்கும் ஒவ்வொரு காசின் சீட்டிலும் எடை இருக்கட்டும். இரு முகமும் விளிம்பும் பார்க்காமல் கவரில் வைத்து ஸ்டேப்ளர் அடித்துத் தருவதை நிறுத்துங்கள். சேதம் என்று தெரிந்தால் பணத்தைத் திருப்பித் தரும் வழக்கம் வரட்டும். சேதமான காசையும் தாராளமாக விற்கலாம், ‘சேதம்’ என்று எழுதி, அதற்குரிய விலையில்.

அடுத்த கண்காட்சிக்கு என் தராசும் லென்ஸும் எடுத்து வருகிறேன். வாசல் பக்கம் ஒரு சின்ன மேசை மட்டும் கொடுங்கள். வாங்கும் முன் யார் வேண்டுமானாலும் காட்டிவிட்டுப் போகட்டும், காசு கேட்கமாட்டேன்.

அன்புடன்,
முப்பது வருடமாகக் காசு சேர்ப்பவன்