ஞாயிறு சைக்கிள் பயணம்: வத்தளை – நீர்கொழும்பு

எல்லாருக்கும் வணக்கம். ஞாயிறு விடிய 5.30க்கு வெள்ளவத்தைச் சந்தையடியில் சேருவோம். பஸ் நெரிசல் தொடங்க முன்னமே களனிப் பாலம் தாண்டிவிட வேணும். வத்தளைக்கு அப்புறம், 1804இல் வெட்டி முடித்த ஹமில்டன் கால்வாய்க் கரையால், முடிந்தவரை பிரதான வீதியைத் தொடாமல் போகிறோம். இடப்பக்கம் கடல், வலப்பக்கம் முத்துராஜவெல சதுப்பு நிலம். கொக்கும் நீர்க்காகமும் நிறையவே நிற்கும், அவசரப்படாமல் பார்ப்போம்.

மீனவர் குடியிருப்புகளில் பாதை ஒடுக்கம். வாசலிலேயே வலை காயும், பிள்ளைகள் விளையாடுவார்கள். மணி அடித்து விலக்காமல், இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். அது அவர்களுடைய முற்றம். இப்போது தென்மேற்குக் காற்று, திரும்பும்போது முகத்தில்தான் அடிக்கும். ஆளுக்கு 2 போத்தல் தண்ணீர், மேலதிக டியூப், தலைக்கவசம் கட்டாயம். வருகிறவர்கள் சனி மதியத்துக்குள் இங்கே பெயர் போடுங்கள்.