கடலை அளந்து பொதுவில் வைத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

வங்கக்கடலின் உப்புத்தன்மை பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வேடு போன மாதம் ஏற்கப்பட்டது. அதன் நன்றியுரைப் பக்கத்தில் நெறியாளர், துறைத்தலைவர், உதவித்தொகை தந்தவர்கள், அம்மா அப்பா என்று முறைப்படி எல்லோரையும் எழுதியாயிற்று. விட்டுப்போனவர்கள்தான் அதிகம். அவர்களில் பெரும்பாலோர் முகம்கூட எனக்குத் தெரியாது. இந்த மடல் அவர்களுக்கு.

நான் செய்த வேலை இதுதான். மழைக்காலத்தில் கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து கொட்டும் நன்னீர், வங்கக்கடலின் வடக்கே மேலாக ஒரு போர்வைபோலப் பரவி நிற்கும். வெளிக்கடலில் கிலோவுக்கு 35 கிராம் அளவில் இருக்கும் உப்பு, அங்கே 30 கிராமுக்கும் கீழே இறங்கிவிடும். புயல் வந்து கலக்கினாலும் அடியிலிருக்கும் குளிர்ந்த நீர் லேசில் மேலே வராது. அதனால் புயலுக்குச் சூடு குறைவதில்லை. தென்மேற்குப் பருவம் முடிந்ததும் கரையோர நீரோட்டம் திசை திரும்பி, இந்த நன்னீரை ஆந்திரக் கரை, தமிழ்நாட்டுக் கரை வழியாக இலங்கைப் பக்கம் இழுத்துப் போகிறது. அந்தப் பயணத்தைக் கணினி மாதிரியில் பின்தொடர்ந்தேன். அதற்குக் கடலின் ஆழம், காற்று, ஆற்று நீர்வரத்து, உள்ளே இருக்கும் வெப்பம், உப்பு எல்லாம் வேண்டும். இதில் ஒன்றைக்கூட நான் அளக்கவில்லை.

முதல் நன்றி ஆர்கோ மிதவைகளை இறக்கியவர்களுக்கு. ஏறத்தாழ ஆள் உயரக் குழாய் அது. 1,000 மீட்டர் ஆழத்தில் சும்மா மிதந்துகொண்டிருக்கும். பத்து நாளைக்கு ஒருமுறை 2,000 மீட்டருக்கு இறங்கி, மேலே ஏறும் வழியெல்லாம் வெப்பத்தையும் உப்பையும் அளந்து, செயற்கைக்கோளுக்கு அனுப்பிவிட்டு மறுபடி முங்கிவிடும். பேட்டரி தீர்ந்தால் கதை முடிந்தது. பெரும்பாலும் யாரும் தேடிப்போய் எடுப்பதில்லை. உலகக் கடல்களில் இப்படிச் சுமார் 4,000 மிதவைகள் இருக்கின்றன. 30க்கும் மேற்பட்ட நாடுகள் காசு போட்டிருக்கின்றன. யார் இறக்கியது என்ற கேள்வியே இல்லாமல், அளவுகள் ஒரு நாளுக்குள் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆட்டம் காணும் கப்பல் தளத்தில், நடுராத்திரியில், கயிறு கட்டி அதைப் பதமாக இறக்கிய கைகளுக்கு என் வணக்கம்.

அப்புறம், இறக்கியவர்களைவிட நான் அதிகம் கடன்பட்டிருப்பது தரவைச் சரிபார்ப்பவர்களிடம். பிரான்சின் பிரெஸ்டிலும் ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியக் கடல்சார் தகவல் மையமான இன்காய்ஸிலும் இன்னும் பல ஊர்களிலும் இருக்கிறார்கள். இவர்களுக்கு யாரும் மாலை போடுவதில்லை. ஒரு மிதவை என்னை ரொம்பவே படுத்தியது. அது சொன்ன உப்புக்கும் என் கணினி மாதிரி சொன்ன உப்புக்கும் ஒட்டவே இல்லை. மாதம் ஏற ஏற இடைவெளியும் ஏறியது. மாதிரியைக் குடைந்துகொண்டிருந்தபோது அந்த மிதவையின் திருத்திய கோப்பு வந்தது. உப்பு உணரி நாள்பட நாள்பட விலகியிருக்கிறது. மேற்பரப்பில் பார்த்தால் இது பிடிபடாது, அங்கே உப்பு எப்போதும் மாறிக்கொண்டே இருக்கும். 1,500 மீட்டருக்குக் கீழே அது பல ஆண்டுகளானாலும் பெரிதாக அசையாது. அந்த ஆழத்து எண்ணைப் பழைய கப்பல் அளவீடுகளோடும் பக்கத்து மிதவைகளோடும் வைத்துப் பார்த்து, விலகலைக் கணக்கிட்டிருந்தார்கள். இரண்டாம் தசமத்தில் மாறும் எண்ணுக்காக இத்தனை பாடு. இதில் எனக்கு மிகவும் பிடித்தது, முதலில் வந்த அளவை அவர்கள் அழிக்கவில்லை. அது ஒரு பத்தியில், திருத்தியது பக்கத்துப் பத்தியில், பிழை வரம்பு அதற்கடுத்து, ஏன் திருத்தினோம் என்று ஒரு வரிக் குறிப்பும். நல்ல அளவுக்குக் குறியீடு 1, ஆகாததற்கு 4. ஒளிவுமறைவு கிடையாது.

ஆற்று நீர்வரத்துக்கு வேறு பாடு. கங்கை, பிரம்மபுத்திராவின் தினசரி நீர்வரத்து நம் நாட்டில் பொதுவில் கிடைப்பதில்லை. ஓர் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன், பதிலே இல்லை. சரி என்று விட்டுவிட்டேன். செயற்கைக்கோள் கொண்டு ஆற்றின் நீர்மட்டத்தை அளந்து, அதிலிருந்து நீர்வரத்தைக் கணித்து வெளியிட்டவர்கள்தான் காப்பாற்றினார்கள். நம் ஆற்றின் கணக்கை ஆகாயத்திலிருந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறதே என்ற வருத்தம் மட்டும் போகவில்லை.

நான் ஓட்டிய ராம்ஸ் என்ற கடல் மாதிரியை எழுதி, நிரலை அப்படியே திறந்து வைத்திருக்கும் அமெரிக்காவின் ரட்கர்ஸ், கலிபோர்னியா (லாஸ் ஏஞ்சலஸ்) பல்கலைக்கழகத்தாருக்கும் நன்றி. அதன் அடுக்குகள் கடலடி மேடுபள்ளத்தை ஒட்டி வளைந்து போகும். நம் கரையில் கண்டத்திட்டு குறுகலானது, சட்டென்று ஆழமாகிவிடும். அந்தச் சரிவில் மாதிரி இல்லாத நீரோட்டத்தைக் கிளப்பிவிடும். முன்பின் தெரியாத ஒருவர் மின்னஞ்சலில் வழி சொன்னார்: காற்றையும் ஆற்றையும் நிறுத்திவிட்டு, ஒவ்வோர் ஆழத்திலும் நீரின் அடர்த்தி கிடைமட்டமாக எங்கும் ஒரே அளவில் இருக்கும்படி வைத்து ஓட்டு, அப்போதும் ஏதாவது நகர்ந்தால் அது பொய். ஓட்டினேன், நகர்ந்தது. மாதிரிக்குள் கடலடிச் சரிவை எவ்வளவு மென்மையாக்கலாம், எங்கே கை வைக்கக் கூடாது என்று வரைபடம் போட்டே அனுப்பினார். மொனாகோ இளவரசர் 1903இல் தொடங்கிவைத்த ஆழ வரைபட வேலையைத் தொடரும் ஜெப்கோக்காரர்களுக்கும் இந்த இடத்திலேயே ஒரு கும்பிடு.

கடைசியாக, நம் கடலில் நங்கூரமிட்டிருக்கும் போயாக்கள். பள்ளிக்கரணை தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் ஓம்னி மிதவைகள் 500 மீட்டர் ஆழம்வரை அளக்கின்றன. புயல் கடந்த நாளின் கணக்கு அங்கேதான் கிடைத்தது. போயாவின் நிழலில் மீன் கூடும், படகும் வரும், வலையும் சிக்கும். சேதமானால் பழி மீனவர்மேல் விழுகிறது. சேதப்படுத்தாமல் விலகிப்போன படகுகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அந்த அண்ணன்மாருக்கும் நன்றி.

என் மாதிரியின் வெளியீடுகளையும், அதற்குக் கொடுத்த உள்ளீடுகளையும் முழுவதுமாகப் பொதுவில் வைத்துவிட்டேன். யார் அனுமதியும் கேட்க வேண்டாம். தெற்கு எல்லையை ஒட்டிய முதல் சில கட்டங்களை மட்டும் நம்பாதீர்கள், அங்கே நீரோட்டம் சரியாக வரவில்லை. யாராவது சரிசெய்தால் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

நன்றியுடன்,
வங்கக்கடல் ஆய்வு மாணவி,
சென்னை