பச்சை மரமும் புது உளியும்

அன்பு நண்பா,

உன் கடிதமும் கொட்டகையின் படங்களும் கிடைத்தன. பத்துக்குப் பன்னிரண்டு அடி இடம் தச்சுக் கைவேலைக்குத் தாராளம். டேபிள் ரம்பம் முதலில் வாங்கலாமா, மரத்தில் பள்ளம் எடுக்கும் ரூட்டர் மெஷின் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். அந்தப் பணத்தைச் சாணைக்கல்லுக்கும், மரத்தை இறுக்கிப் பிடிக்கும் நல்ல கிளாம்பு நாலுக்கும், காய்ந்த மரத்துக்கும் போடு. மரம் ஈரமாகவும் உளி மழுங்கலாகவும் இருந்தால் எந்த மெஷினும் வேலையைக் காப்பாற்றாது.

மில்லில் அறுத்துக் கொண்டுவந்த வாகைப் பலகைகளில் இப்போது கைவைக்காதே. பச்சை மரத்தில் எதைச் செய்தாலும் காயக் காயக் கோணும், மரத்தோடு மரம் சேரும் பொருத்து விட்டுக்கொடுக்கும். படத்தில் ஓரமெல்லாம் வெளிறு, அதாவது பட்டையை ஒட்டிய வெளுத்த இளமரம், தெரிகிறது. வெளிற்றில் மாவுச்சத்து உண்டு, அதைத் தேடித் துளைவண்டு வரும். மரம் பச்சையாக இருப்பது இந்த ஒரு விஷயத்தில் நமக்கு நல்லது, ஈரம் இருக்கும்போதுதான் மருந்து உள்ளே இறங்கும். ஒரு லிட்டர் வெந்நீரில் 60 கிராம் வெங்காரம் (போராக்ஸ்), 40 கிராம் போரிக் அமிலம் கரைத்து, எல்லாப் பக்கமும் இரண்டு மூன்று முறை பூசு. அப்புறம் பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றி மூன்று வாரம் வை. மழையில் நனைந்தால் இந்த மருந்து கரைந்து போய்விடும், அதனால் வீட்டுக்குள் இருக்கும் சாமானுக்கு மட்டும்தான் இது.

தாளைப் பிரித்ததும் பலகையின் இரண்டு நுனியிலும் பழைய எனாமல் பெயின்டை இரண்டு பூச்சு அடி. நுனி வழியாக ஈரம் வேகமாக வெளியேறுவதால்தான் அங்கே வெடிப்பு விழுகிறது. தரையிலிருந்து அரையடி உயர்த்தி, நிழலில் அடுக்கு. ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே, ஒன்றரை அடிக்கு ஒன்றாக முக்கால் இன்ச் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) கொடு. மேல்வரிசை ரீப்பர் கீழ்வரிசை ரீப்பருக்கு நேர் மேலே நிற்க வேண்டும், விலகினால் அந்த இடத்தில் பலகை தொய்ந்து அப்படியே காய்ந்துவிடும். இன்ச் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு. அதைவிட நம்பகமானது தராசு. ஒரு பலகையை மாதம் ஒருமுறை நிறுத்து எழுதி வை. அடுத்தடுத்த மாதங்களில் எடை மாறவில்லை என்றால் மரம் உன் ஊர்க் காற்றுக்குப் பழகிவிட்டது. பின்னால் அதை இழைக்கும்போது முகமூடி போட்டுக்கொள், வாகைத்தூள் பொல்லாத தும்மல் கொடுக்கும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். பழைய மரக்கடைக்குப் போய், வீடு இடித்த தேக்குக் கைமரம், அதாவது கூரையைத் தாங்கிய சாய்வு மரம், இரண்டு வாங்கு. பல வருஷம் காய்ந்த வைரம் (மரத்தின் கெட்டியான உள்பகுதி), இனி பெரிதாக அசையாது. ஆனால் ரம்பம் வைக்குமுன் காந்தத்தால் நாலு பக்கமும் தடவிப் பார். உள்ளே தலை முறிந்த ஆணி ஒன்று இருந்தால் போதும், இழைப்புளியின் கூர் போய்விடும்.

இனி உளி. புது உளியை அப்படியே வேலைக்கு எடுக்காதே. முதலில் தட்டைப் பக்கத்தை, முனையிலிருந்து ஒரு இன்ச் வரை, கல்லில் படியவைத்துத் தேய். கீறல்கள் ஒரே சீராக முனைவரை ஓட வேண்டும். இதை ஒருமுறை ஒழுங்காகச் செய்துவிட்டால் ரொம்ப நாளைக்குத் தொட வேண்டியதில்லை. சரிவை 25 டிகிரியில் எடுத்து, கடைசியில் 30-க்குத் தூக்கி ஐந்தாறு இழுப்பு கொடு. தேக்கில் கொட்டாப்புளியால் (மரச் சுத்தியலால்) அடித்துத் துளை எடுக்க 25 போதாது, முனை நொறுங்கும். 1000 கல்லில் (எண் கூடக் கூடக் கல் நைசாகும்) தேய்க்கும்போது தட்டைப் பக்கத்தை விரலால் தடவிப் பார். மெல்லிய பிசிறு அகலம் முழுக்கத் தட்டுப்படும்வரை அடுத்த கல்லுக்குப் போகாதே. ஒரு ஓரத்தில் பிசிறு இல்லை என்றால் அங்கே இன்னும் கல் படவில்லை என்று அர்த்தம். பிறகு 6000 கல்லில் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இழுத்தால் பிசிறு உதிர்ந்துவிடும். மெத்தென்ற பேக்கிங் மரத்தின் வெட்டு முகத்தைச் சீவிப் பார். தூளாக உதிராமல் வழவழவென்று வெட்டினால் கூர் ஏறிவிட்டது. மோட்டார் சாணையில் பிடித்தால் அடிக்கடி தண்ணீரில் தோய். முனை நீலமாக மாறினால் பதம் போய்விட்டது, அந்த நீலம் தீரும்வரை தேய்த்துக் கழிக்க வேண்டியதுதான். தேக்கில் சிலிக்கா இருப்பதால் கூர் சீக்கிரம் மழுங்கும், கல் எப்போதும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

முதல் வேலையாக ஒரு ஸ்டூல் செய். ஒன்றரை இன்ச் சதுரக் கால், கால்களை இணைக்க மூன்று இன்ச் அகலமும் முக்கால் இன்ச் கனமும் உள்ள சட்டம். காலின் துளைக்குள் செருக, சட்டத்தின் நுனியில் செதுக்கும் நாக்குதான் கழுந்து. அதன் கனம் சட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது இரண்டு நூல் (எட்டு நூல் ஒரு இன்ச்). ஸ்டூல் காலில் அந்தத் துளையைக் கால் இன்ச் உளியாலேயே எடு. கழுந்தை அந்த உளியின் அகலத்தை வைத்துக் குறி, ஸ்கேலை வைத்துக் குறிக்காதே. அளவை எப்போதும் மரத்தின் ஒரே முகத்திலிருந்து எடு. பென்சிலை விடக் கத்தியால் கீறுவது மேல், உளிமுனை கீறலில் தானாகப் போய் உட்காரும்.

காலை மேல்பக்கம் ஒரு இன்ச் கூடுதலாக விட்டு அறு. துளை எடுக்கும்போது நுனி பிளக்காமல் அது காக்கும், பசை காய்ந்த பிறகு அறுத்துவிடலாம். இரண்டு பக்கத் துளையும் காலுக்குள் மோதும் என்பதால் ஆழம் ஏழு நூலோடு நிறுத்து, கழுந்து அதைவிட அரை நூல் குட்டை. குறித்த கோட்டுக்கு ஒரு நூல் உள்ளேயே அடிக்கத் தொடங்கு, நெம்புவதால் நசுங்கும் ஓரத்தைக் கடைசியில் கோட்டோடு செதுக்கிக்கொள்ளலாம். கழுந்து கை அழுத்தத்தில் பாதியும், கொட்டாப்புளியின் மெல்லிய தட்டலில் மீதியும் இறங்க வேண்டும். ஓங்கி அடித்தால்தான் இறங்கும் என்றால் கால் பிளக்கும். தானாகக் கழன்று விழுந்தால் பசை பிடிக்காது, கழுந்தின் பக்கத்தில் இழைப்புச் சீவல் ஒன்றை ஒட்டிச் சரிசெய்.

தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, ஒட்டுமுன் பொருத்தை அசிட்டோனால் துடை. ஃபெவிகால் போட்டுக் கிளாம்பில் இறுக்கியதும் மூலைக்கு மூலை அளந்து பார், இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால்தான் சதுரம். பிதுங்கும் பசையை ஈரத்துணியால் துடைக்காதே, மரத்தின் நுண்துளையில் புகுந்து பாலிஷ் ஏறாத திட்டாக நிற்கும். ரப்பர் பதத்துக்கு வந்ததும் உளியால் உரித்துவிடு.

மேல்பலகையைச் சட்டத்தோடு இறுக்கித் திருகிவிடுகிறார்கள், எனக்கு அது ஒத்துவராது. பன்னிரண்டு இன்ச் தேக்குப் பலகையில் ஈரம் நாலு சதவீதம் ஏறி இறங்கினால் அகலத்தில் முக்கால் நூல் வரை மாறும். திருகு விடாவிட்டால் பலகைதான் வெடிக்கும். சட்டத்தில் திருகு போகும் ஓட்டையைப் பலகையின் அகல வாக்கில் நீளமாக்கிவிடு, பலகை நகர இடம் கிடைக்கும்.

பாலிஷுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசுவதாக எழுதியிருந்தாய். நல்லது. ஆனால் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதே, அது தானே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவை, அல்லது தண்ணீரில் முக்கிவிடு. அரக்கு பாலிஷ் என்றால் அடைமழைக் காலத்தில் தொடாதே, ஈரக்காற்றில் வெளுத்துப் போகும்.

கைமரம் வாங்கியதும் அதன் வெட்டு முகத்தைப் படம் எடுத்து அனுப்பு. ரேகை ஓட்டம் பார்த்து, எதைக் காலுக்கு அறுக்கலாம், எதைப் பலகைக்கு வைக்கலாம் என்று எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்