ஒரு நரகப் பயணம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்து மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் மனம் நிம்மதியடைந்தது. இங்கே பேத்திக்குத் தேர்வு முடிந்துவிட்டது. வீட்டில் அனைவரும் நலம்.

என்ன பார்த்தாய், என்ன படித்தாய் என்று கேட்டிருந்தாய். இந்த மாதம் முழுவதும் என் மனத்தைப் பிடித்து வைத்திருப்பது 1911-இல் வந்த 'லின்ஃபெர்னோ' என்ற இத்தாலிய மௌனப்படம். இடைக்கால இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் 'டிவைன் காமெடி' காவியத்தில் நரகத்தைச் சொல்லும் பகுதியை மிலானோ பிலிம்ஸ் நிறுவனம் படமாக்கியிருக்கிறது. பெர்த்தோலினி, பதோவன், தெ லிகுவோரோ என்று மூன்று இயக்குநர்கள். சில நிமிடங்களில் முடியும் படங்களே வழக்கமாக இருந்த காலத்தில் இது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. இத்தாலியின் முதல் முழுநீளப் படம் என்பார்கள். அந்த ஆண்டு மார்ச் மாதம் நேப்பிள்ஸின் மெர்க்கதாந்தே அரங்கில் திரையிட்டார்கள்.

கேமரா பெரும்பாலும் அசைவதில்லை. முதலில் ஓர் எழுத்து அட்டை, பிறகு ஒரு காட்சி, மறுபடியும் அட்டை. நாடகம் போல இருக்கிறது என்று சிலர் இதைத் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் டோரே 1861-இல் வெளியிட்ட நரகச் சித்திரங்களை ஒட்டித்தான் காட்சிகளை அமைத்திருக்கிறார்கள். ஒரு சித்திரத்தின் முன் நிற்பது போல நின்று பார்க்க வேண்டும். அப்போதுதான் திரைச்சட்டகத்தின் மூலையில் நெளியும் உடல்கள்கூடக் கண்ணில் படும். அவை நிஜ மனிதர்களின் உடல்கள். தலைகீழாகப் புதைந்து, தீப்பற்றிய பாதங்களை உதைத்துக்கொள்ளும் பாவிகளைப் பார்த்தபோது, டோரேயின் கோடுகள் தராத ஒரு கூச்சம் எனக்கு ஏற்பட்டது.

பெர்த்ரான் தெ போர்ன் என்ற இடைக்காலக் கவிஞன் வரும் காட்சியை நீ அவசியம் பார்க்க வேண்டும். தந்தையையும் மகனையும் பிரித்தவன் என்பதால் அவன் தலை உடலிலிருந்து பிரிக்கப்பட்டிருக்கிறது. வெட்டுண்ட தன் தலையைக் கையில் விளக்கைப் போலப் பிடித்திருப்பான் என்பது தாந்தேயின் வரி. அதை அப்படியே கண்முன் நிறுத்தியிருக்கிறார்கள். ஒரே படச்சுருளில் இருமுறை ஒளிப்பதிவு செய்வது, கம்பிகள், கறுப்புப் பின்னணி இவற்றைக் கொண்டு அன்றைக்கே இவ்வளவு செய்திருப்பது வியப்பளிக்கிறது.

ஆனாலும் என்னை உலுக்கியது உகோலினோவின் கதைதான். பீசா நகரத்துக் கோபுரம் ஒன்றில் பிள்ளைகளோடு அடைத்துப் பட்டினி போட்டுக் கொல்லப்பட்டவன். நரகத்தின் பனிக்குள் உறைந்தபடி, தன்னை அடைத்த பேராயர் ருஜ்ஜியேரியின் மண்டையை ஓயாமல் கடித்துக்கொண்டிருக்கிறான். இயக்குநர் தெ லிகுவோரோவே அந்த வேடத்தில் நடித்திருக்கிறார். ஒரு தந்தையாக அந்தக் கோபுரக் காட்சியைப் பார்ப்பது எளிதாக இல்லை. காவியத்தில் 'துயரத்தால் முடியாததைப் பசி முடித்தது' என்ற பொருளில் ஒரு வரி உண்டு. அவன் பசியால் செத்தானா, பிள்ளைகளின் உடலைத் தின்றானா என்று இன்றுவரை வாதிடுகிறார்கள். அப்படியொரு ஐயத்தைச் சொல்தான் தாங்கும் என்று நினைக்கிறேன். எவ்வளவு நல்ல படமாக இருந்தாலும் அந்த இடத்தில் காவியம் ஒரு படி மேலேதான் நிற்கிறது.

இறுதியில் திரெந்தோ நகரத்தில் உள்ள தாந்தே சிலையைக் காட்டுகிறார்கள். இத்தாலிய மொழி பேசும் அந்த ஊர் அப்போது ஆஸ்திரிய ஆட்சியில் இருந்தது; அது தங்களுக்கே சேர வேண்டும் என்று இத்தாலியர் பலர் கருதினார்கள். அரங்கில் இருந்த இத்தாலியர்களுக்கு அதன் அர்த்தம் உடனே புரிந்திருக்கும்.

2004-இல் டேஞ்சரின் டிரீம் என்ற ஜெர்மானிய மின்னணு இசைக்குழுவின் இசையோடு ஒரு டிவிடி வந்தது. அந்த இசை இந்தப் படத்துக்குப் பொருந்தவில்லை என்பது என் எண்ணம். ஒலியை அணைத்துவிட்டே பார். அதற்கு முன் காவியத்தின் நரகப் பகுதியில் உகோலினோ பேசும் 33-ஆம் காண்டத்தை ஒருமுறை படித்துவிடு. உகோலினோ என்ன செய்தான் என்று உனக்குத் தோன்றுகிறதோ, அதை விரிவாக எழுது. தங்கைக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன் பழைய நண்பன்